பைப்பெரின் அனலாக் வலி டெஸ்ட்: "நார்கோட்டிக் அல்லாதது" என்று தீசிஸில் எழுதலாமா?

மிளகுச்செடி (எம்.ஃபார்ம் மருந்தியல், காட்பாடி)

எல்லாருக்கும் வணக்கம். மிளகிலிருந்து அதன் காரப் பொருளான பைப்பெரினை எடுத்து, அதைப் பைப்பெரிக் அமிலமாக உடைத்து, பைப்பெரிடின் வளையம் இருந்த இடத்தில் வேறு அமீன்களைக் கோத்து ஐந்து அமைடுகள் (அனலாக், அதாவது பைப்பெரினைச் சற்றே மாற்றிய மூலக்கூறுகள்) செய்திருக்கிறோம். பி1 முதல் பி5 வரை பெயர். ஸ்விஸ் சுண்டெலியில் 50 மி.கி./கிலோ வயிற்றுக்குள் ஊசி போட்டு அசிட்டிக் அமில ரைதிங் (அமில வலியில் உடல் முறுக்குவதை எண்ணும் டெஸ்ட்) பார்த்ததில் பி3-க்கு எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. ஹாட் பிளேட்டில் (55 டிகிரி சூட்டுத் தட்டில் எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்ப்பது) அதே பி3 எந்த மாற்றமும் காட்டவில்லை. "ரைதிங் குறைந்தது, அதனால் வலி நிவாரணி. ஹாட் பிளேட் மாறவில்லை, அதனால் நார்கோட்டிக் (மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு) அல்ல" என்று முடித்துவிடலாம் என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேட்க வேண்டியவை: இந்த இரண்டே டெஸ்ட் போதுமா? ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்ஸோன் சேர்ப்பதானால் எவ்வளவு, எப்போது? ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்கும் மருந்துக்கு) மார்ஃபின் கிடைக்காது. டிரமடால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்கிய சஸ்பென்ஷன் பத்து நிமிடத்தில் அடியில் படிந்துவிடுகிறது, என்ன செய்வது? அடுத்து காராஜீனன் ஊசியால் பாதத்தை வீங்கவைத்து அளக்கும் டெஸ்ட் செய்யவேண்டும், அதற்கு மே மாதம்தான் கிடைத்திருக்கிறது. வேலூர் வெயிலில் அது சரிப்படுமா?

—

பாலாறு_மருந்தியல்

மனசு ஒப்பாதது சரிதாம்மா. உங்கள் வழிகாட்டி சொல்கிற தர்க்கத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை.

முதலில் ரைதிங். அது மிகவும் இளகிய டெஸ்ட், எதை எடுத்தாலும் பாஸ் போட்டுவிடும். ஆஸ்பிரினும் குறைக்கும், மார்ஃபினும் குறைக்கும், தூக்க மருந்தும் குறைக்கும், தசை தளர்த்தியும் ஆன்டிஹிஸ்டமினும்கூடக் குறைக்கும். சுண்டெலி உடலை நீட்டி, இடுப்பைத் திருகி, வயிற்றைத் தரையோடு தேய்த்துப் பின்காலை இழுப்பதைத்தான் நீங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறீர்கள். அசையத் தெம்பில்லாத சுண்டெலியும் முறுக்காது.

உங்கள் விஷயத்தில் இது வெறும் சந்தேகம் இல்லை. பைப்பெரினை ஆண் சுண்டெலிக்கு வாய்வழி கொடுத்தால் எல்டி50 (பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு) சுமார் 330 மி.கி./கிலோ. வயிற்றுக்குள் ஊசியாகப் போட்டால் 43 மட்டுமே. அதற்கு மேலே போனால் மூச்சுத் தசை நின்று சில நிமிடங்களில் செத்துவிடும். நீங்கள் அதன் தம்பி தங்கைகளை 50 போட்டிருக்கிறீர்கள். பி3 தாய் மூலக்கூறைவிட நஞ்சு குறைந்ததாக இருக்கலாம், ஆனால் பாதி மயங்கிய சுண்டெலியை "வலி குறைந்த சுண்டெலி" என்று எண்ணியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இன்னொன்று: மருந்தையும் அமிலத்தையும் ஒரே குழிக்குள் விட்டால் இரண்டும் அங்கேயே சந்திக்கும். பைப்பெரின் டிஆர்பிவி1 என்ற, காரத்தையும் சூட்டையும் உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டும் பொருள். மிளகின் காரமே அதுதான். வயிற்று உறையில் அந்த நரம்பு முனைகளை முதலில் எரியவைத்து மரத்துப்போகச் செய்துவிட்டால் பின்னால் வரும் அமிலம் உறைக்காது. அதை வலி நிவாரணம் என்று சொல்ல முடியாது.

ஆகவே மருந்து வாய்வழி, அமிலம் வயிற்றுக்குள். 0.6% அசிட்டிக் அமிலம், அதாவது கிளேசியல் (நீர் கலக்காத) அமிலம் 0.6 மில்லியை 100 மில்லியாக்கி, அன்றன்றே கலக்கவும். 10 மில்லி/கிலோ, 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மில்லி. ஊசி போட்ட 5-ஆம் நிமிடம் தொடங்கி 20-ஆம் நிமிடம் வரை எண்ணுங்கள். கண்ட்ரோல் குழுவிலேயே ஒன்றிரண்டு முறுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்; அதைத் தூக்கி எறிவதா வைத்துக்கொள்வதா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், பிறகு முடிவு செய்தால் அது ஏமாற்று. கூடவே ரோட்டாராட் (சுழலும் தண்டில் விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது) கட்டாயம். நிமிடத்துக்கு 15 சுற்றில் 60 நொடி தாங்கும் சுண்டெலிகளை முதல் நாளே தேர்ந்தெடுத்து, மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் திரும்ப ஏற்றுங்கள். அங்கே விழுந்தால் ரைதிங் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது ஓட்டை ஹாட் பிளேட். 55 டிகிரி என்பது முரட்டு வெப்பம். முழு அகோனிஸ்டான (ஏற்பியை முழுதாகத் தூண்டும்) மார்ஃபின் அதைத் தாண்டும். பென்டாசோசின் மாதிரி பகுதி அகோனிஸ்ட் அங்கே தடுமாறும், ஆனால் அதுவும் ஓபியாய்டுதான், பழக்கமும் ஏற்படுத்தும். மூளைக்குள் நுழையாத ஓபியாய்டும் ஹாட் பிளேட்டில் வேலை காட்டாது. அதனால் "ஹாட் பிளேட் மாறவில்லை" என்பதிலிருந்து "நார்கோட்டிக் அல்ல" வராது. பிளேட்டை 50 அல்லது 52-க்கு இறக்கி மறுபடி பாருங்கள். 52-இல் கட்ஆஃப் (சுண்டெலியை எடுத்துவிட வேண்டிய நேர வரம்பு) 30 நொடி, 55-இல் 15 முதல் 20. அதற்கு மேல் விட்டால் பாதம் வெந்துவிடும். முன்பாதம் நக்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், சுண்டெலி சும்மாவே முகம் கழுவும். பின்பாதத்தை நக்கினால் அல்லது உதறினால், குதித்தால், அதுதான் முடிவுப் புள்ளி. மூன்றில் எதை எடுக்கிறீர்களோ அதையே கடைசிவரை எடுங்கள். கணக்கு: மருந்துக்கு முன் 5 நொடி, பின் 8, கட்ஆஃப் 20 என்றால் (8−5)/(20−5), ஆக 20%. வெறும் நொடியை எழுதுவதைவிட இது நேர்மையானது.

இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்யவேண்டிய டெஸ்ட் ஃபார்மலின். என் கணக்கில் இந்த வேலைக்கு இதைவிட அதிகம் சொல்லும் டெஸ்ட் கிடையாது. பின்பாத அடியில் 20 மைக்ரோலிட்டர் ஊசி போட்டு, அந்தப் பாதத்தை நக்கும் நேரத்தை அளப்பது. முதல் 5 நிமிடம் நரம்பை நேரடியாகச் சுடும் கட்டம். 15 முதல் 30 நிமிடம் அழற்சிக் கட்டம். ஓபியாய்டு இரண்டையும் அமுக்கும். டைக்ளோஃபெனாக் வகை அழற்சி மருந்து பெரும்பாலும் இரண்டாவதை மட்டும். பி3 இரண்டாம் கட்டத்தில் மட்டும் குறைத்து ரோட்டாராட்டிலும் விழாமல் நின்றால் உங்கள் கதைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. எழுதும்போது ஒரு கவனம்: "2.5% ஃபார்மலின்" என்றால் கடை ஃபார்மலின் 2.5 மில்லியை 100 மில்லி ஆக்கியது. கடைப் பாட்டிலில் இருப்பது 37% ஃபார்மால்டிஹைடு, ஆக உண்மையில் 0.92%. இதைக் குழப்பி மும்மடங்கு செறிவில் ஊற்றிவிட்டு "எந்த மருந்தும் வேலை செய்யவில்லை" என்று உட்காருபவர்கள் நிறைய.

நலாக்ஸோன். ஆம்பூல் மில்லிக்கு 0.4 மி.கி. 2 மி.கி./கிலோ என்றால் 25 கிராம் சுண்டெலிக்கு 0.05 மி.கி., அதாவது 0.125 மில்லி, ஆம்பூலிலிருந்து நேராக. அளவைவிட நேரம்தான் முக்கியம். எலியினத்தில் அதன் வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். வழக்கமாக "மருந்துக்கு 15 நிமிடம் முன்" என்று எழுதியிருப்பார்கள். அது தோலடியில் போட்டவுடன் ஏறும் மார்ஃபினுக்குப் பொருந்தும். வாய்வழி கொடுத்து 60-ஆம் நிமிடத்தில் பார்க்கும் பி3-க்கு முன்கூட்டியே போட்டால், நீங்கள் அளக்கும் நேரத்தில் நலாக்ஸோன் கிளம்பிப் போயிருக்கும். "தடுக்கப்படவில்லை, ஆகவே ஓபியாய்டு இல்லை" என்று சந்தோஷமாக எழுதிவிடுவீர்கள். டெஸ்டுக்கு 10–15 நிமிடம் முன் போடுங்கள். நலாக்ஸோன் மட்டும் கொடுத்த குழு ஒன்று, ஓபியாய்டு + நலாக்ஸோன் குழு ஒன்று, இரண்டும் இல்லாமல் முடிவு செல்லாது. ஓபியாய்டின் வேலையை அந்த ஆம்பூல் முறியடித்துக் காட்டினால்தான் ஆம்பூல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஓபியாய்டு ஏற்பிகளில் கப்பா, டெல்டா வகைகளில் நலாக்ஸோன் பிடிப்பு குறைவு என்பதால் 2 மி.கி.யோடு நிறுத்தாமல் 5 மி.கி./கிலோ குழு ஒன்றும் வைத்தால் நல்லது.

இனி அந்த டிரமடால் மாத்திரை. வேண்டாம். 2018-லிருந்து டிரமடால் என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் கீழ் சைக்கோட்ரோபிக் (மனநிலையைப் பாதிக்கும் பொருள்). பென்டாசோசினும் அந்தப் பட்டியலில்தான். மருந்துக் கடையில் யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கி லேபில் வைத்தால், வைத்திருப்பதே குற்றம். தீசிஸில் "வாங்கிய இடம்" என்ற வரியில் என்ன எழுதுவீர்கள்? அறிவியலாகவும் சரியில்லை: டிரமடாலின் வேலையில் பாதி செரோடோனின், நாரெபினெஃப்ரின் வழியே நடக்கும், நலாக்ஸோன் அதை முழுக்கத் திருப்பாது. உங்கள் கண்ட்ரோலே அரைகுறையாகிவிடும். ஓபியாய்டு வைத்திருக்க அனுமதி உள்ள ஆஸ்பத்திரியுடனோ ஆய்வு நிறுவனத்துடனோ கைகோத்து, அந்தக் குழுக்களை மட்டும் அவர்கள் விலங்கறையில் அவர்கள் பதிவேட்டின் கீழ் செய்வதுதான் வழி. வயிற்றுப்போக்கு மருந்தான லோபெரமைடும் ஓபியாய்டுதான், சுலபமாகக் கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதை மூளைக்குள் விடாமல் நிறுத்துவது பி-கிளைக்கோபுரதம். பைப்பெரின் அந்தக் காவலாளியையே கட்டிப்போடும். உங்கள் பொருளோடு சேர்த்து விளையாட அது இடமில்லை.

கடைசியாக, நலாக்ஸோன் தடுக்கவில்லை என்றாலும் "பாதுகாப்பானது" என்று பொருள் இல்லை. எபிபாட்டிடின் நினைவிருக்கட்டும். ஈக்வடார் தவளைத் தோலிலிருந்து ஜான் டேலி எடுத்தது. ஹாட் பிளேட்டில் மார்ஃபினைவிட 200 மடங்கு, நலாக்ஸோன் தொடவே இல்லை. கட்டமைப்பு வெளிவந்தது 1992-இல். நிக்கோடினிக் ஏற்பி வழியே வேலை செய்தது, மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் நடுவில் இடமே இல்லை. அதன் அனலாகான டெபானிக்ளின் மனிதச் சோதனைவரை போய் வயிற்று உபாதையால் கைவிடப்பட்டது. சுண்டெலியின் வால் எஸ் வடிவில் முதுகுக்கு மேல் விறைத்து நிற்குமே, ஸ்ட்ராப் வால், அதைக் கண்டாலே ஓபியாய்டு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எபிபாட்டிடினும் அதே வாலைத்தான் நிறுத்தியது.

—

ஃப்யூம்ஹூட்

மருந்தியல்காரர்கள் எப்போதும் பொடி சுத்தமாக இருக்கிறது என்று நம்பிப் பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் வருகிறேன்.

லாங்கு பஜார் மிளகோ எந்த மிளகோ, பைப்பெரின் எடுத்து ஹைட்ராலிசிஸ் செய்த (காரத்தால் உடைத்த) பிறகு எவ்வளவு பைப்பெரின் உடையாமல் மிச்சம் என்று பார்த்தீர்களா? காரக் கரைசலை அமிலமாக்கும் முன் எத்தில் அசிடேட்டால் இரண்டு முறை கழுவுங்கள். பைப்பெரின் நடுநிலைப் பொருள், மேலே ஏறிவிடும்; பைப்பெரேட் உப்பு கீழேயே நிற்கும். அதன்பிறகு பிஹெச் 2–3-க்கு அமிலம் விட்டால் மஞ்சளாக வீழ்வதுதான் நீங்கள் கேட்ட பொருள். உருகுநிலை 216–217 டிகிரி பக்கம் வரவேண்டும். பைப்பெரின் 130 பக்கத்திலேயே உருகிவிடும், குழப்பமே வராது. பி3-இல் 5% பைப்பெரின் ஒட்டியிருந்தால் 100 மி.கி./கிலோ டோஸில் 5 மி.கி./கிலோ பைப்பெரினும் சேர்ந்தே போகிறது. அதனால் வந்த விளைவு யாருடையது?

அமில குளோரைடு வழியாகப் போயிருந்தால் டிரைஎத்திலமீன் உப்பு மிச்சம் இருக்கும். மூக்கில் லேசாக மீன் வாடை அடித்தால் இன்னும் கழுவவேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக், பிறகு பைகார்பனேட், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு மறுபடிகம். அந்த எரிச்சலூட்டும் அமீனைச் சுண்டெலி வயிற்றில் விட்டுவிட்டு வலி பற்றிப் பேசக்கூடாது.

வெளிச்சம். பைப்பெரினில் இரண்டு இரட்டைப் பிணைப்பும் டிரான்ஸ். வெளிச்சம் பட்டால் சிஸ் ஐசோமர்களாகத் திரும்பும், கரைசலில் இன்னும் வேகமாக. உங்கள் அனலாக்குகளிலும் அதே சங்கிலிதான். பொடி பழுப்பு வயலில், அலுமினிய ஃபாயில் சுற்றி, ஃபிரீசரில். சஸ்பென்ஷனை டியூப்லைட்டின் கீழ் காலையிலிருந்து மாலைவரை வைத்துப் பத்தாவது சுண்டெலிக்குக் கொடுத்தால் அது முதல் சுண்டெலி வாங்கிய மருந்து இல்லை. டெஸ்ட் நாள் காலையும் மாலையும் ஒரு சொட்டு ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) போடுங்கள், 340 நானோமீட்டர் பக்கம் பார்த்தால் போதும்.

அடியில் படிவது. இது அமைடு, காரத்தன்மை கிடையாது. "ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கிக் கரைக்கலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆகாது. பொடியைத்தான் சின்னதாக்க வேண்டும். கல்வத்தில் பொடியோடு டிவீன் 80 (பொடியை நனையவைக்கும் சோப்பு மாதிரிப் பொருள்) இரண்டு மூன்று சொட்டு விட்டு, தண்ணீர் இல்லாமலே மைபோல வரும்வரை அரையுங்கள். பத்து நிமிடம் கை வலிக்க அரைக்கணும். பிறகு 0.5% சிஎம்சியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவுக்குக் கொண்டு வரவும். சிஎம்சியை முதல் நாள் இரவே ஊறவைத்தால் கட்டி தட்டாது. மொத்தத்தில் டிவீன் 0.5%-ஐத் தாண்ட வேண்டாம். அதே டிவீன், அதே சிஎம்சி கண்ட்ரோல் குழுவுக்கும் போகவேண்டும். ஒவ்வொரு தடவை உறிஞ்சும் முன்னும் குலுக்குங்கள். சிரிஞ்சில் எடுத்து வைத்துவிட்டுச் சுண்டெலியைத் தேடக்கூடாது, சிரிஞ்சுக்குள்ளேயே படியும்.

பொருள் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. 25 கிராம் சுண்டெலி, 100 மி.கி./கிலோ, ஆறு விலங்கு: 15 மி.கி. சிரிஞ்சில் தங்கிவிடுவதற்கும் கீழே சிந்துவதற்கும் சேர்த்து 25 என்று வையுங்கள். எலிக்குப் போனால் 200 கிராம் உடம்பு, அதே டோஸ், ஆறு எலி: 120 மி.கி. காராஜீனன் எலியில்தான் என்றால் பி1 முதல் பி5 எல்லாவற்றையும் அங்கே ஓட்டாதீர்கள், ரைதிங்கிலும் ஃபார்மலினிலும் தேறியதை மட்டும் கொண்டு போங்கள். நஞ்சு டெஸ்டுக்கு ஓஈசிடி 423 (வாய்வழி நஞ்சு பார்க்கும் சர்வதேச வழிகாட்டி) முறையில் எடுத்ததும் 2000 மி.கி./கிலோ கொடுக்கிற பழக்கம் மூலிகைக் கஷாயக்காரர்களுடையது. தாய் மூலக்கூறு 330-இல் பாதியைக் கொல்லும்போது நீங்கள் 50-இல் தொடங்குவதே முறை. ஒரு படிக்கு மூன்று பெண் விலங்கு.

சும்மா ஒரு துணுக்கு: பைப்பெரினை முதலில் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட், 1819-இல். மறுவருடம் கம்பியில் மின்சாரம் ஓடினால் காந்த ஊசி திரும்புகிறது என்று காட்டிய அதே ஆள்தான்.

—

விலங்கறை_சாவி

மே மாதத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

கத்திரி வெயிலில் இங்கே வெளியில் 40-க்கு மேல். விலங்கறை 22 டிகிரி, அதிலிருந்து 3 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். ஈரப்பதம் 30 முதல் 70%. இது ஏசி ஓடும்வரைதான். கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் அறை ஏறிவிடும். ஃபார்மலின் இரண்டாம் கட்டமும் டெயில் ஃபிளிக்கும் (சூடு பட்டு வாலை இழுக்கும் நேரத்தை அளக்கும் டெஸ்ட்) அறை வெப்பத்துக்கு நேரடியாக ஆடும். வாலின் தோல் சூடானால் சுண்டெலி சீக்கிரம் வாலை இழுத்துக்கொள்ளும், குளிர்ந்தால் தாமதமாகும், மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டிஆர்பிவி1-ஐத் தொடும் பொருள் உடம்பு வெப்பத்தையே மாற்றும் என்பதால் உங்களுக்கு இது இரட்டைத் தொல்லை. டெயில் ஃபிளிக் செய்வதானால் வால் வெப்பத்தையும் அளந்து எழுதுங்கள். முடியாதென்றால் அந்த டெஸ்டையே விட்டுவிடலாம். அறையில் அதிகபட்சம்–குறைந்தபட்சம் காட்டும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டுத் தினமும் இரண்டு வேளை குறியுங்கள். எல்லாக் குழுவும் ஒரே நாளில் ஓடவேண்டும்: திங்கள் கண்ட்ரோல், செவ்வாய் மருந்து என்று வைத்தால் நீங்கள் அளப்பது செவ்வாய்க்கிழமையை. ஒரு நாளில் எல்லாம் முடியாவிட்டால் ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுவிலிருந்தும் ஒவ்வொரு விலங்கு.

விலங்கு சென்னைப் பக்கமிருந்து வருகிறதென்றால் விடியற்காலை வண்டியில் வரச் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு வாலாஜா டோல்கேட் வரிசையில் மூடிய வண்டி நின்றால் பெட்டிக்குள் பாதி வெந்திருக்கும். வந்தபிறகு குறைந்தது ஐந்து நாள் பழக விட்டுத்தான் தொடவேண்டும். அனுமதி பெற்ற வளர்ப்பாளர் ரசீது கோப்பில் இருக்கட்டும்.

காராஜீனன். லாம்டா வகை கேட்டு வாங்குங்கள்; சமையல் ஜெல்லிக்கு வரும் கப்பா வகை உறைந்துவிடும், ஊசியில் ஏறாது. 1% உப்புக் கரைசலில், முதல் நாள் மாலை தூவி ஃபிரிட்ஜில் ஊறவிட்டால் காலையில் கட்டியில்லாமல் இருக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் 0.1 மில்லி, 26 கேஜ் ஊசி, எலியின் வலது பின்பாத அடித்தோலுக்குக் கீழ். விரல் பக்கமிருந்து குதிகால் நோக்கி நுழைத்து, உள்ளே விட்டு, ஊசியை இரண்டு நொடி அப்படியே வைத்திருந்து மெல்ல உருவுங்கள். சடாரென்று உருவினால் பாதி மருந்து தரையில். ஊசி போடுவது ஒரே ஆள், கடைசிவரை. ஆள் மாறினால் வீக்கமே மாறும்.

கணுக்கால் எலும்பு முட்டில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடுவரைதான் பாதம் தண்ணீரில் இறங்கவேண்டும். கோடு அழிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் மேலே மேலே போடாமல் முதல் கோட்டின் மீதே போடுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி. பழைய பாதரசப் பிளெத்திஸ்மோமீட்டர் (பாதத்தின் கனஅளவை அளக்கும் கருவி) இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் லேப் உண்டு. மே மாத அறையில் திறந்த பாதரசத்துக்கு முன்னால் ஆறு மணி நேரம் உட்காராதீர்கள், தண்ணீர் வைத்து அளக்கும் டிஜிட்டல் கருவி இரவலாவது வாங்குங்கள்.

நேரம் 0, 1, 2, 3, 4, 5 மணி. முதல் மணி ஹிஸ்டமின், செரோடோனின், அப்புறம் பிராடிகைனின், மூன்றாம் மணி முதல் புரோஸ்டாகிளான்டின். பி3 மூன்றாம் மணியில்தான் குறைக்கிறதென்றால் காக்ஸ் (புரோஸ்டாகிளான்டினை உண்டாக்கும் நொதி) பக்கம் சந்தேகப்படலாம், முதல் மணியிலிருந்தே என்றால் வேறு கதை. ஸ்டாண்டர்டு டைக்ளோஃபெனாக் சோடியம் 10 மி.கி./கிலோ, கரைவது சுலபம். இண்டோமெதசின் தண்ணீரில் கரையாது, காரத்தில் கரைத்து வைத்தால் உடைந்து போகும். எதுவானாலும் பி3-யோடு சேர்த்து ஒரே எலிக்குக் கொடுக்க வேண்டாம். பைப்பெரின் குடும்பம் மற்ற மருந்துகளின் ரத்த அளவை ஏற்றிவிடும்.

முடிந்தபின் எலியைக் கருணைக்கொலை செய்யும்போது இரைப்பையைப் பெரிய வளைவில் வெட்டி விரித்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் குழுவில் கறுப்புக் கோடுகள் தெரியும். பி3 குழுவில் வழுவழுப்பாக இருந்தால் அதுவே தனி முடிவு, கூடுதல் விலங்கு செலவில்லாமல். ஆனால் இதை ஃபார்ம் பி-யில் (விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவத்தில்) முன்கூட்டி எழுதியிருக்கவேண்டும்.

—

பி_மதிப்பு

மூன்று விஷயம்தான்.

எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. பி3 மஞ்சள், கண்ட்ரோல் வெள்ளை; மருந்து ஊட்டுபவர் வேறு, எண்ணுபவர் வேறு என்று வைத்தால்தான் மறைக்க முடியும்.

காராஜீனனில் மணிக்கு மணி தனித்தனி டி-டெஸ்ட் போடாதீர்கள். ஒரே எலியைத்தான் ஆறு தடவை அளக்கிறீர்கள். ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே விலங்கைத் திரும்பத் திரும்ப அளந்ததற்கான புள்ளியியல் டெஸ்ட்), அல்லது ஒவ்வொரு எலிக்கும் வளைகோட்டின் கீழ்ப் பரப்பைக் கண்டு ஒரே எண்ணாக்கி ஒப்பிடுங்கள். ரைதிங்குக்கு அனோவா, பின் டனெட் டெஸ்ட்: ஒவ்வொரு குழுவையும் கண்ட்ரோலோடு மட்டும் ஒப்பிடும். ஹாட் பிளேட்டில் கட்ஆஃபைத் தொட்ட விலங்கு இருந்தால் அந்த 20 நொடி உண்மையான 20 இல்லை, "20-க்கு மேல்". அங்கே சராசரி பொய் சொல்லும், சராசரிக்குப் பதில் வரிசையைப் பார்க்கும் க்ரஸ்கால்–வாலிஸ் டெஸ்ட் போடுங்கள்.

குழுவுக்கு ஆறு என்பது பழக்கம், கணக்கு இல்லை. உங்கள் பைலட்டின் (முன்னோட்டச் சோதனையின்) எண்ணிக்கைச் சிதறலை வைத்து, எத்தனை விலங்கு வேண்டும் என்ற பவர் கணக்குப் போட்டால் ஐஏஇசியும் (கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் கமிட்டி) கேள்வி கேட்காது. ஒருமுறை அமிலம் போட்ட சுண்டெலி மறுபடி வேறு டெஸ்டுக்கு வரக்கூடாது என்பதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

—

மிளகுச்செடி

ரொம்ப நன்றி. ஊசியில் 50 போட்டது தப்பு என்று புரிகிறது, நல்லவேளை எதுவும் சாகவில்லை. இரண்டு சின்னக் கேள்வி. குடல் வழியே கரிப்பொடி நகர்வதை அளந்து, ஓபியாய்டு மாதிரி மலச்சிக்கல் இல்லை என்று காட்டலாமா? செலவும் குறைவு. அப்புறம், விலங்குக்குப் போகும் முன் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) புரதம் கெடும் டெஸ்டும் ஆர்ஏடபிள்யூ என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் செல்லில் நைட்ரைட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

—

பாலாறு_மருந்தியல்

கரிப்பொடி வேறு யாருக்காவது நல்ல டெஸ்ட், உங்களுக்கு இல்லை. பைப்பெரின் தானாகவே இரைப்பை காலியாவதையும் குடல் நகர்வையும் மந்தமாக்கும். பி3-உம் அப்படியே செய்தால், ஓபியாய்டாக இல்லாவிட்டாலும் ஓபியாய்டு போலத் தெரியும். செய்வதானால் நலாக்ஸோன் குழுவோடு செய்யுங்கள்.

பழக்கம் ஏற்படுத்துமா என்று நிஜமாகவே தெரியவேண்டுமானால் கண்டிஷன்ட் பிளேஸ் பிரிஃபரன்ஸ்தான் (மருந்து கிடைத்த இடத்தை விலங்கு விரும்புகிறதா என்ற டெஸ்ட்). இரண்டு அறை: ஒன்று கோடு போட்ட சுவர், ஒன்று வெள்ளை. மருந்து ஒரு அறையில், வெறும் சிஎம்சி மற்றதில், மாற்றி மாற்றிச் சில நாள். கடைசி நாள் மருந்தே இல்லாமல் நடுவில் விட்டால் எந்த அறையில் போய் உட்காருகிறது? எம்.ஃபார்ம் காலத்துக்குள் இது கொள்ளாது. அதனால் தலைப்பில் "நார்கோட்டிக் அல்லாத" என்பதை எடுத்துவிட்டு "நலாக்ஸோனால் தடுக்கப்படாத" என்று போடுங்கள். வைவாவில் அந்த ஒரு சொல்லுக்காக நிற்கவைத்துக் கேட்கமாட்டார்கள்.

—

ஃப்யூம்ஹூட்

பிஎஸ்ஏ டெஸ்ட் பற்றி என் கருத்து: காகிதம் நிரப்ப உதவும். 660 நானோமீட்டரில் கலங்கலை அளக்கிறார்கள். உங்கள் பொருளே தண்ணீரில் கலங்கும். பிஎஸ்ஏ இல்லாத பிளாங்க் ஒவ்வொரு செறிவுக்கும் வைத்துக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஆர்ஏடபிள்யூ 264.7 செல் உருப்படியானது. எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருள்) மில்லிக்கு 1 மைக்ரோகிராம், 24 மணி நேரம், மேல்நீரை எடுத்து நைட்ரைட்டுக்கு நிறம் தரும் கிரீஸ் வினைப்பொருள், 540 நானோமீட்டரில் படிக்கவும். கிணற்றில் டிஎம்எஸ்ஓ 0.1%-ஐத் தாண்டவேண்டாம். அதே தட்டின் செல்லில் எம்டிடி (செல் உயிரோடு இருக்கிறதா என்ற டெஸ்ட்) கட்டாயம்: செத்த செல் நைட்ரைட் தயாரிக்காது, அதை "அழற்சி எதிர்ப்பு" என்று எழுதிவிடுவார்கள். ஐந்து பொருளையும் இங்கே வடிகட்டினால் விலங்குக்கு இரண்டுதான் போகும்.

—

விலங்கறை_சாவி

ரோட்டாராட், ஃபார்மலின், நலாக்ஸோன் குழுக்கள், இரைப்பை வெட்டிப் பார்ப்பது, எதுவும் உங்கள் பழைய ஃபார்ம் பி-யில் இருக்காது. திருத்தம் எழுதி ஐஏஇசிக்குப் போட்டு, அனுமதிக் கடிதம் கையில் வந்தபிறகுதான் விலங்கு ஆர்டர். வழி மாற்றத்தையும், ஊசியிலிருந்து வாய்வழி என்று, அதே திருத்தத்தில் சேர்த்துவிடுங்கள். கமிட்டி கூடும் தேதியை இப்போதே கேட்டு வையுங்கள்; அது ஜூனுக்குத் தள்ளிப்போனால் உங்கள் காராஜீனனுக்கு அது நல்லதுதான்.